ஈயச் சொம்பில் ரசம்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் எடை போட்டு வாங்கிய ஈயச் சொம்பு பத்தாண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டு அடுப்பில் உழைக்கிறது. அதைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "உருகிவிடாதா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியோ வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உருகும்தான். சொம்பு செய்யப் பயன்படும் வெள்ளீயத்தின் (டின்) உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ். அலுமினியத்துக்கு 660, செம்புக்கு 1085. ஆனால் ரசம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். உள்ளே நீர் இருக்கும்வரை அடிப்பகுதிக்கு ஆபத்தில்லை. உண்மையான ஆபத்து பக்கவாட்டில் இருக்கிறது. தீ நாக்கு ரசத்தின் மட்டத்துக்கு மேலே ஏறினால் நீர் தொடாத அந்த விளிம்பு குழைந்துவிடும். அதனால் முக்கால் சொம்பு புளிக்கரைசலை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறேன். சிறிய பர்னர், அடியைத் தாண்டாத தீ. தாளிப்பு எப்போதும் தனியாக இரும்புக் கரண்டியில்தான். புகையும் நெய்யின் சூடு வெள்ளீயத்தின் உருகுநிலையையே தாண்டிவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும், சொம்பு உருகாது. இந்தப் பயம் தேவைக்கு மேல் ஊதப்பட்டது.

பயப்பட வேண்டியது காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகத்தின் கலப்புக்கு; கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். வெள்ளீயம் விலை கூடிய உலோகம், காரீயம் மலிவு. இரண்டும் எளிதில் கலந்து உருகும், பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் புளிப்புப் பண்டத்தைக் கொதிக்க வைக்கும் பாத்திரம் இது. அனுபவப்பட்ட கடைக்காரர்கள் மெல்லிய தகட்டை வளைத்துக் காதருகே பிடித்துக் காட்டுவார்கள். நல்ல வெள்ளீயம் நறநறவென்று முனகும். உள்ளிருக்கும் படிகங்கள் சட்டென்று திசை மாறுவதால் எழும் ஓசை அது. காரீயம் கூடக் கூட அது மங்கிவிடும்.

எனக்குக் காது போதவில்லை, தராசை நம்பினேன். ஒரு வாளித் தண்ணீரைச் சமையலறைத் தராசின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். சொம்பை நூலில் கட்டி, காற்றுக் குமிழி தங்காமல் முழுவதும் மூழ்கும்படி, அடியைத் தொடாமல் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் கிராம் எண்தான் சொம்பின் கன அளவு, மில்லிலிட்டரில். 600 கிராம் சுத்தமான வெள்ளீயச் சொம்பு என்றால் 82 வரும், ஏனெனில் அதன் அடர்த்தி 7.3. முழுக்கக் காரீயமானால் 53தான். பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 67க்குப் பக்கத்தில் நிற்கும். என் சொம்பு தேறியது. ஆனாலும் நூற்றுக்கு ஐந்து பங்கு கலப்பை இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு எக்ஸ்ரே கொண்டு உலோகத்தைச் சோதிக்கும் ஆய்வகம்தான் வழி. பரம்பரையாக வந்த சொம்பு என்பதற்காக யாரும் விலக்குக் கோர வேண்டாம். பழைய சொம்பையும் சோதிக்கத்தான் வேண்டும்.

ருசிக்கு வருவோம். புளியில் வெள்ளீயம் மிகச் சிறிதளவு கரையும். அதனால் மட்டும் பயப்பட வேண்டியதில்லை. டப்பாவில் அடைத்த உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயம் இருக்கலாம் என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு. அன்னாசித் துண்டுகளின் நிறமும் சுவையும் கெடாமலிருக்க, உட்பூச்சு இல்லாத வெள்ளீய முலாம் டப்பாவையே விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். என் நாக்குக்கு ஈயச் சொம்பு ரசம் வழவழப்பாகவும் புளிப்பின் முனை மழுங்கியும் தெரிகிறது. ஆனால் பாதிப் பெருமை தீக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி. எவர்சில்வரைவிட நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் இந்தச் சொம்பு, சிறு தீயிலேயே ஒரே சீராகச் சூடேறுகிறது. பருப்புத் தண்ணீர் விளாவி, விளிம்பில் நுரை கட்டியதும் இறக்கிவிடலாம். அதே பொறுமையோடு எவர்சில்வரில் வைத்தாலும் ரசம் இதற்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இந்தக் கருத்துக்கு ஆதரவில்லை.

தொல்லைகளும் உண்டு. நகம் அழுத்தினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையான உலோகம். இரும்பு நார் ஆகவே ஆகாது, சீயக்காய்த் தூளும் துணியும் போதும். தொட்டியில் மற்றப் பாத்திரங்களோடு போட்டால் நெளிந்துதான் வெளியே வரும். காந்தம் ஒட்டாத உலோகம் என்பதால் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. மிஞ்சிய ரசத்தை இரவு முழுவதும் இதிலேயே விடுவதில்லை, வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

ஃபிரிட்ஜில் வைத்தால் பொடிந்துவிடும் என்று சிலர் அச்சுறுத்துகிறார்கள். 13 டிகிரிக்குக் கீழே வெள்ளீயம் சாம்பல் நிறப் பொடியாக மாறக்கூடும் என்பது உண்மை. ஆனால் அந்த மாற்றம் உறைநிலைக்கும் வெகு கீழேதான் வேகம் பிடிக்கும், ஆன்டிமனி என்ற தனிமம் சிறிதளவு கலந்திருந்தாலே தடைபட்டுவிடும். நம் ஊர் மார்கழிக்கெல்லாம் சொம்பு அசையாது.

நெளிந்த சொம்பை எறிய வேண்டாம். எடை போட்டு எடுத்துக்கொண்டு, புதியதுக்கான வித்தியாசத்தை மட்டும் வாங்கும் கடைகள் உண்டு. அப்படி மாற்றும்போதும் வாளியையும் தராசையும் மறுபடி எடுங்கள்.