புளூ புக் கோப்புகள்: காவலர் வாக்குமூலங்களைத் தேடுவோருக்கான ஆவணச் சேவை

அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய பறக்கும் தட்டு அறிக்கைகள், ‘புளூ புக்’ திட்டக் கோப்புகள் என்ற பெயரில், அந்நாட்டுத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. மொத்தம் 12,618 நிகழ்வுகள். அவற்றுள் 701 நிகழ்வுகளுக்கு விளக்கம் காணாமலேயே திட்டம் மூடப்பட்டது. இவ்வளவு பெரிய குவியலில் நான் தேடிப் படித்தவை காவலர்கள் பணியிலிருந்தபோது கண்டதைச் சொன்ன அறிக்கைகள் மட்டுமே. நேரம், திசை, தூரம், உடனிருந்தவர் யார் என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்குத் தொழிலோடு வந்தது. கண்டதைச் சொன்னால் தம் சொல்லுக்கு ஊரில் இருக்கும் மதிப்பே போய்விடும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு.

ஒரு நகரத்தின் வானில் பல காவலர்கள் ஒரே பொழுதில் தட்டுகளைக் கண்டதாகச் சொன்ன நிகழ்வு, 1947 ஜூலை 4ஆம் நாள் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் நடந்தது. பிற்பகல் ஒரு மணியளவில், காவல் நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் இருந்த ஒரு காவலர், புறாக்கள் திடீரெனக் கலவரமடைந்து சிறகடிப்பதைக் கண்டு அண்ணாந்து பார்த்தபோது, ஐந்து பெரிய தட்டுகள் தென்பட்டன. இரண்டு தெற்கேயும் மூன்று கிழக்கேயும் விரைந்தன. செய்தி தலைமையகத்துக்குப் போய், அங்கிருந்து வானொலி வழியே பரவியதும், ரோந்து வண்டிகளில் இருந்தவர்களும் துறைமுகக் காவல் பிரிவினரும் தாமும் கண்டதாகத் தெரிவித்தனர். துறைமுகப் பிரிவினர் அவற்றைக் குரோம் பூசிய கார்ச் சக்கர மூடிகளுக்கு ஒப்பிட்டனர். பின்னவர்கள் வானொலி அறிவிப்புக்குப் பிறகு மேலே பார்த்தவர்கள் என்பதையும், பத்து நாள் முன்பு விமானி கென்னத் ஆர்னால்டு ரெய்னியர் மலையருகே கண்டதாகச் சொன்னவை அந்நாட்களில் நாளிதழ்களை நிறைத்திருந்தன என்பதையும் சேர்த்தே இச்சாட்சியங்களை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. புறாக்கள் மட்டும் செய்தித்தாள் படித்திருக்க முடியாது. ஆகவே முதல் காவலரின் சொல்லுக்கு நான் தனி எடை தருகிறேன்.

கோப்புகள் நாள் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த 94 மைக்ரோஃபிலிம் சுருள்களுக்கான அட்டவணையும் நாளையும் இடத்தையும் கொண்டே அமைந்திருப்பதால், ‘காவலர்’ என்று தொழிலைக் கொண்டு தேட வழியில்லை. என் போன்ற வாசகருக்கு இதுவே பெரிய குறை. சாட்சிகளின் பெயர்கள் நீக்கப்பட்ட பிரதியே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. தனிமனிதர் நலனைக் கருதும்போது இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ‘திட்டம் 10073’ என்று தலைப்பிட்ட ஒரு பதிவு அட்டை உண்டு. பலூன், விமானம், வானியல் பொருள், போதிய தகவல் இல்லை, அறியப்படாதது என்ற கட்டங்களில் ஒன்றில் குறியிட்டு, ஒரு மனிதரின் நடுக்கம் நிறைந்த இரவை அந்த அட்டை முடித்துவைக்கிறது.

அந்தக் குறி எப்போதும் இறுதியானதன்று என்பதை நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிடர் நிகழ்வு காட்டுகிறது. 1965 செப்டம்பர் 3 அதிகாலையில், அஞ்சி ஓடிவந்த 18 வயது இளைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு வயல்வெளிக்குச் சென்ற காவலர் யூஜின் பெர்ட்ரண்டும், பின்னர் அங்கு வந்து சேர்ந்த டேவிட் ஹன்ட்டும், சிவப்பு விளக்குகள் மாறி மாறித் துடிக்க ஓசையின்றித் தாழ்வாக மிதந்த ஒரு பொருளைக் கண்டனர். ராணுவத் தலைமையகம் முதலில் ‘பிக் பிளாஸ்ட்’ என்ற விமானப் பயிற்சியையும், மின்னும் விண்மீன்களையும் காரணமாகச் சொன்னது. விமானப்படையில் நான்கு ஆண்டுகள் வானில் எரிபொருள் நிரப்பும் பணியில் இருந்தவர் பெர்ட்ரண்டு. தாங்கள் அப்பொருளைக் கண்ட நேரம் பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிந்தியது என்றும், இந்த விளக்கத்தால் பொறுப்புள்ள காவலர்கள் என்ற தங்கள் பெயர் கெடுகிறது என்றும் இருவரும் புளூ புக்குக்குக் கடிதம் எழுதினர். 1966இன் தொடக்கத்தில், அப்பொருள் இன்னதென்று தங்களால் அடையாளம் காண முடியவில்லை என்று விமானப்படை எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதிகாரத்தில் மிகச் சிறியவர்கள் நேரத்தைச் சரியாகக் குறித்துவைத்த ஒரே பலத்தில் ஒரு பெரிய துறையின் முடிவை மாற்றியதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

நியூ மெக்சிகோவின் சொகோரோவில் 1964 ஏப்ரல் 24 அன்று காவலர் லோனி ஸமோரா கண்டது, அறியப்படாதது என்ற கட்டத்தில் இருக்கிறது. விரைந்து சென்ற காரைத் துரத்திக்கொண்டிருந்தவர் பேரொலி கேட்டுத் திரும்பிப்போய், முட்டை வடிவப் பொருள் ஒன்று தரையில் நிற்பதைக் கண்ட நிகழ்வு அது. தரையில் பதிந்த தடங்களைப் பற்றிய குறிப்புகளும் இருப்பதால், இதைப் பொறுமையாகப் படிக்க ஒரு முழு மாலை வேண்டும்.

புதிதாகப் படிக்க வருபவர் நாளையும் ஊரையும் முன்னரே குறித்துக்கொண்டு வருவது நல்லது. கோப்பைத் திறந்ததும் பதிவு அட்டையைத் தாண்டிச் சென்று, காவலரின் வாக்குமூலத்தை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு அட்டையில் இட்ட குறியைப் பார்க்கவும்.