இரும்புத் தோசைக்கல்லும் செப்புத் தவலையும்: 14 வருடம் புழங்கிய அனுபவம்

2011-ல் தனிக்குடித்தனம் போனபோது என்னோடு வந்த பழைய சாமான்கள் மூன்று. மாமியார் கொடுத்த வார்ப்பிரும்புத் தோசைக்கல், அப்பத்தா புழங்கிய ஈயம் பூசிய செப்புத் தவலை, அப்பத்தாவுடைய செப்புக்குடம். இந்த 14 வருடத்தில் குக்கர் மூன்று முறை மாறிவிட்டது, நான்ஸ்டிக் தவா எத்தனை போனது என்று கணக்கே இல்லை. தவலையும் குடமும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தோசைக்கல் மட்டும் என் கையால் உடைந்து, இப்போது இருப்பது இரண்டாவது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நான்ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பழைய பாத்திரத்துக்குத் திரும்ப நினைக்கிற யாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இரும்பு வாங்கலாமா, செம்பு வாங்கலாமா? புழங்கிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்கவே முடியாது. பள்ளியில் படித்த தனிம அட்டவணையில் இரண்டும் ஒரே வரிசையில், இடைநிலை உலோகங்கள் என்ற கூட்டத்தில்தான் இருக்கின்றன. இரும்பு 26, செம்பு 29, நடுவில் கோபால்ட்டும் நிக்கலும். அத்தனை பக்கத்தில் இருந்தும் குணம் நேரெதிர். இரும்புக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் இருந்தால் போதும். செம்புக்குத் தண்ணீரோடு பிரச்சினையே இல்லை, புளிப்புதான் ஆகாது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

முதலில் இரும்பு. புதுக் கல்லைப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். வாங்கி வந்ததும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வடிகஞ்சியில் ஊறப்போட்டு, துடைத்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி புகை வரும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இதை நான்கைந்து நாள் செய்தால் கல்லின் சாம்பல் நிறம் போய்க் கறுப்பேறும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. எண்ணெய் சூட்டில் தன் மூலக்கூறுகளைச் சங்கிலி போலக் கோத்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக் கெட்டியான படலமாகிவிடுகிறது. அதுதான் தோசையை ஒட்டவிடாமல் காப்பது, அதுதான் துருவையும் தடுப்பது. சோப்பு போட்டுச் சுரண்டித் தேய்த்து, "பளபளவென்று ஆக்கிவிட்டேன்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்தப் படலத்தைத்தான் கழற்றி எறிகிறார்கள்.

பழகிய கல்லில் தோசை வார்ப்பதைப் பார்த்தால் போதும், வேறு எதையும் வாங்கத் தோன்றாது. கல் காய்ந்ததும் தண்ணீர் தெளித்தால் சொய்ங் என்று அடங்க வேண்டும். துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம், கொஞ்சம் தணிக்க வேண்டும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு ஒரு தேய்ப்பு, ஒரு கரண்டி மாவு, ஓரத்தில் நாலு சொட்டு எண்ணெய். ஒரு நிமிடத்தில் ஓரம் தானாகவே மேலே எழும்பும், திருப்பியை உள்ளே விட வேண்டிய அவசியம்கூட இருக்காது.

சரி, இரும்பு வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால்தான் தோசை நன்றாக வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. செம்பின் வெப்பக் கடத்துத்திறன் எண் சுமார் 400 என்றால், சுத்த இரும்புக்கு 80தான், வார்ப்பிரும்புக்கு அதைவிடவும் குறைவு, 50-ஐ ஒட்டி. எவர்சில்வர் இன்னும் மோசம், 15 அளவில் இருக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒருமுறை காய்ந்த கல்லில் மைதா மாவை மெல்லிசாகப் பரப்பிச் சிறிய பர்னரில் வைத்தேன். தீ படுகிற வட்டம் மட்டும் பழுப்பாகிக் கருகியது, ஓரத்தில் மாவு வெள்ளையாகவே இருந்தது. அப்படியென்றால் தோசை எப்படி நன்றாக வருகிறது? கல்லின் கனம்தான் காரணம். ஒரு கன அளவு செம்பும் அதே கன அளவு இரும்பும் ஏறக்குறைய ஒரே அளவு வெப்பத்தைத்தான் தேக்கும், வித்தியாசம் மிகக் குறைவு. ஆனால் இரும்பு மலிவு என்பதால் தடித்த கல்லாக வார்க்க முடிகிறது. அந்தத் தடித்த கல் சேர்த்து வைத்த சூடு, குளிர்ந்த மாவை ஊற்றினாலும் சட்டென்று இறங்குவதில்லை. அதனால் கல்லைக் காயவிட ஐந்து நிமிடமாவது கொடுங்கள், பெரிய பர்னரில் வையுங்கள். அவசரத்துக்குத் தோசை வார்ப்பவர்களுக்கு வார்ப்பிரும்பு சரிப்படாது, நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்.

மாமியார் கொடுத்த கல் உடைந்தது 2016-ல். விருந்தாளிகள் போன பிறகு, களைப்பில், இன்னும் சூடாக இருந்த கல்லை அப்படியே தொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்தேன். 'டக்' என்று ஒரே சத்தம். நடுவிலிருந்து விளிம்புவரை விரிசல். வார்ப்பிரும்பில் 2-லிருந்து 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது, அதனால்தான் அது கடினமாகவும் நொறுங்கும் குணத்தோடும் இருக்கிறது, வளைந்து கொடுக்காது. எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. அந்தக் கல்லில் மாமியார் 30 வருடம் வார்த்திருந்தார். செப்புக்குடம் இதுவரை எத்தனை முறை கீழே விழுந்திருக்கும், எல்லாம் நெளிவுதான், உள்ளேயிருந்து மரக்கட்டையால் தட்டினால் எழுந்துகொள்ளும்.

இரும்பில் எதைச் சமைக்கக் கூடாது என்பதற்கு வாழைப்பூவே சாட்சி. இரும்புச்சட்டியில் வாழைப்பூவோ வாழைக்காயோ வதக்கினால் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுக்கிறது, ஒரு காலத்தில் எழுதும் மையையே கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் செய்தார்கள். உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் மனது வராது. புளிக்குழம்பு வைத்தால் நாக்கில் இரும்பு வாடை நிற்கும். ஆனால் அந்த வாடைக்குக் காரணமான இரும்பு கொஞ்சம் சாப்பாட்டில் இறங்குவது நமக்கு நல்லதுதான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. இரும்புச்சட்டி மருந்துக்குப் பதில் ஆகாது. என்றாலும் தக்காளி போட்ட தொக்கை வாரம் ஒருநாள் இரும்பில் செய்துவிட்டு, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது என் வழக்கம்.

இப்போது செம்பு. அப்பத்தா இரவு படுக்கப்போகும் முன் குடத்தில் தண்ணீர் பிடித்து மூடி வைப்பார், காலையில்தான் எடுப்பார். அதை வெறும் பழக்கம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2012-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், காலரா, சீதபேதி, டைபாய்டு வகைக் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செப்புப் பானையில் அறை வெப்பநிலையில் 16 மணி நேரம் வைத்தபோது அவற்றை வளர்க்கவே முடியாத அளவுக்கு அழிந்துபோனதாகக் கண்டிருக்கிறார்கள். தண்ணீரில் கரைந்த செம்பின் அளவும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்புக்கு வெகு கீழே இருந்தது. அதற்காகச் சாக்கடை கலந்த தண்ணீரைக் குடத்தில் ஊற்றி நம்பிக் குடிக்க முடியாது, கொதிக்கவைப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. நல்ல தண்ணீரைச் சேமித்து வைக்க இதைவிடச் சிறந்த பாத்திரம் நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

புளிப்பு விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. என் பையன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, செப்பு பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், எனக்குத் தெரியாது. மதியம் குடித்துவிட்டு வயிறு குமட்டி வாந்தி. செம்பை எலுமிச்சையும் புளியும் தயிரும் கரைக்கும். நாம் குடத்தைத் தேய்க்கப் புளியும் உப்பும் எடுப்பது அதே காரணத்துக்குத்தான், புளி மேலே படிந்த கறுப்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. வெளியே செய்தால் பளபளப்பு, உள்ளே நடந்தால் வாந்தி. தேய்க்காமல் ஈரத்தோடு விட்டால் பச்சையாகப் படிவதற்குக் களிம்பு என்று பெயர். உயிரோடு கூடவே பிறந்த ஆணவ மலத்துக்கு, அதாவது ஆணவம் என்ற அழுக்குக்கு, செம்பில் களிம்பு என்று சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். குடம் தேய்க்கிற கைக்கு அந்த உவமை எவ்வளவு சரி என்று நன்றாகவே தெரியும்.

சமைக்கிற செப்புப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம், அதாவது வெள்ளீயம் (tin), பூசுவது இதனால்தான். சின்ன வயதில் தெருவில் "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது" என்று குரல் வந்தால் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுவேன். தரையில் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியால் ஊதி, தவலையைக் கவிழ்த்துச் சூடாக்குவார். பிறகு நிமிர்த்தி உள்ளே நவச்சாரத் தூளைத் தூவியதும் மூக்கைத் துளைக்கிற வெள்ளைப் புகை எழும்பும். அந்தப் புகை அடங்குவதற்குள் வெள்ளீயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். செக்கச்சிவந்த பாத்திரம் கண்முன்னே வெள்ளியாக மாறும். நவச்சாரம் செம்பின் மேலிருக்கும் ஆக்சைடைக் கழற்றுகிறது, சுத்தமான செம்பில்தான் ஈயம் பிடிக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது, அதில் பொரிக்கவும் கூடாது. தண்ணீரோ பாலோ அரிசியோ உள்ளே இருந்தால் கவலை இல்லை. பூசக் கொடுக்கும்போது காரீயம் (lead என்ற நச்சு உலோகம்) கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், இதில் கூச்சமே படாதீர்கள்.

அந்தத் தவலையில் பால் பாயசம் வைத்தால் அடி பிடிப்பதே இல்லை. தீயைக் குறைத்த உடனே கொதி அடங்கும், கூட்டினால் உடனே எழும்பும். இரும்பில் தீயை அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. சுத்தச் செம்பு என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த சொம்பு, ஒரு வருடத்தில் உள்ளே புள்ளி புள்ளியாகச் செந்துரு பிடித்தது. செம்பில் செந்துரு எப்படி வரும்? ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்புத் தகடு, மேலே செப்புப் பூச்சு. செம்பைக் காந்தம் இழுக்காது. வாங்கப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாத கலப்பு உலோகங்களும் உண்டு என்பதால் எடையையும் பாருங்கள், செம்பு இரும்பைவிடக் கனம். இன்டக்ஷன் அடுப்பில் இரும்பு ஏறும், சாதாரண இன்டக்ஷனில் செம்பு ஏறாது.

இன்னொன்றை அனுபவப்பட்டுத்தான் கற்றேன். குடத்தை ஓர் இரும்பு முக்காலியில் வைத்திருந்தேன். குடத்தின் அடி பட்ட இடத்தில் மட்டும், வளையம் போட்டதுபோல, ஒரே வருடத்தில் துரு அரித்துவிட்டது. மற்ற இடங்களில் பெயிண்ட் உரிந்திருந்தும் அவ்வளவு இல்லை. செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு தன் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துத் தான் அழியும், செம்பு தப்பித்துக்கொள்ளும். மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசலில் ஆணியைப் போட்டால் அதன்மேல் செம்பு படியும் என்று பள்ளியில் செய்து பார்த்தோமே, அதுவும் இரும்பின் இந்த விட்டுக்கொடுக்கிற குணத்தால்தான். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்கும் இதுதான் நடந்தது. 1886-ல் திறந்த அந்தச் சிலையின் மேல்தோல் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லாத செப்புத் தகடு, அதைத் தாங்க உள்ளே இரும்புச் சட்டங்கள். இரண்டும் தொடாமல் இருக்க நடுவில் வைத்த பொருள் நாளடைவில் கெட்டுப்போய், இரும்பு அரித்து, 1980-களில் அந்தச் சட்டங்களை எவர்சில்வராக மாற்ற வேண்டியதாயிற்று. செப்புத் தோல் பச்சைக் களிம்போடு பத்திரமாக இருந்தது. அதன் உள்கூட்டை வடிவமைத்த ஈஃபிலின் பாரிஸ் கோபுரம் முழுக்க இரும்பு, அதற்கு ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். சோழர்கள் தானங்களை ஏன் செப்பேட்டில் வெட்டினார்கள் என்பதும் எனக்கு இதிலிருந்துதான் விளங்கியது. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள், ஆயிரம் வருடம் கழித்தும் எழுத்து படிக்கக் கிடைக்கிறது. உளி இறங்குகிற அளவுக்கு மென்மை, மண்ணுக்குள் கிடந்தாலும் தாங்குகிற உறுதி. இரும்பில் வெட்டியிருந்தால் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும், ஏனென்றால் துரு ஒட்டி நிற்காது, உதிர்ந்து அடுத்த அடுக்கையும் திறந்துவிடும். முக்காலியில் இப்போது ஒரு பழைய மரப்பலகை போட்டு அதன்மேல்தான் குடம்.

செலவு என்று பார்த்தால் இரும்புக்கு முதலும் குறைவு, பராமரிப்புக்கு எண்ணெய் மட்டும்தான். செம்பு விலை கூடுதல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஈயம், வாரம் ஒருநாள் புளி போட்டுத் தேய்க்கிற வேலை. பழசாகிக் கொடுத்தால் செம்புக்கு எடைக்கு நல்ல விலை வரும், இரும்புக்குக் கிடைப்பது சொற்பம். கையில் பணம் குறைவென்றால் முதலில் ஒரு இரும்புத் தோசைக்கல்லும் சட்டியும் வாங்குங்கள், பிறகு ஒரு செப்புக்குடம். ஈயம் பூசுகிறவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்த பிறகுதான் சமையலுக்குச் செப்புப் பாத்திரம்.

என் தவலையின் அடியில் இப்போது ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது. முன்புபோலத் தெருவுக்கு யாரும் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரியவர் இன்னும் பூசுகிறார், தை பிறப்பதற்குள் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவரை அதில் வெந்நீர் மட்டும்தான் வைக்கிறேன்.