ஆறு உளி செட்: எஃகு தேறும், பிடி தேறாது

வெள்ளியில் பெயரும் கொடியும் வெட்டும் நகாசு உளி கேட்டுப் போனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது மரப்பெட்டியில் வரும் இந்த செட்டைத்தான். சதுரம், வைரமுனை, தட்டை, உருண்டை, கத்தி, ஆங்லெட் (பக்கங்கள் லேசாக வளைந்து கூராக முடிவது) என்று ஆறு உருப்படி, காளான் வடிவ மரப்பிடி மாட்டியே வருகிறது. அப்படியே எடுத்து வெட்டலாம் என்பார்கள். வெட்ட முடியாது. எஃகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹை ஸ்பீடு ஸ்டீல், சாணை நன்றாக ஏறுகிறது. கோளாறெல்லாம் நீளத்திலும் பிடியிலும்தான். கொலுசுக் கொக்கித் தட்டில் பெயர் வெட்டும்போதோ, குங்குமச் சிமிழ் மூடியில் கொடி ஓட்டும்போதோ உளி வழுக்கினால் நம் ஆட்கள் உடனே முனையைக் குறை சொல்லிச் சாணைக்கல்லை எடுப்பார்கள். முனை தேய்ந்து தீருமே தவிர வழுக்கல் போகாது.

முதலில் அளவைப் பாருங்கள். பிடியின் குமிழைச் சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கைச் சதையில் வைத்து, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் அதன்மேல் மடக்குங்கள். ஆட்காட்டி விரல் உளியின் முதுகில், கட்டைவிரல் பக்கவாட்டில். இப்போது கட்டைவிரல் நுனியைத் தாண்டி உளிமுனை 15 முதல் 20 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். அதற்கு மேல் நீண்டால் கட்டைவிரலை வெள்ளியின்மேல் ஊன்ற முடியாது. அந்தக் கட்டைவிரல்தான் பிரேக். அது அந்தரத்தில் நின்றால் உளி தெறித்து நேராக இடது கைக்குத்தான் போகும். 10 மி.மீ.க்குக் கீழே போனால் வெட்டுக்கோட்டை நகமே மறைத்துவிடும்.

இந்த செட்டில் பிடியோடு சேர்த்து நீளம் 140 மி.மீ.யைத் தாண்டுகிறது. நடுத்தரக் கைக்கு 20 மி.மீ. அளவு குறைக்க வேண்டிவரும். சாணை பிடிக்கப் பிடிக்க முனை தேயும் என்பதால் கணக்கை 15-இல் நிறுத்தாமல் 20-இல் நிறுத்துவது நல்லது. ஆறையும் ஒரே நாளில் வெட்டிவிட வேண்டாம். சதுர உளியை மட்டும் குறைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே அளவுக்கு மற்றதைக் கொண்டுவாருங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால்தான் உளி மாற்றும்போது கை தடுமாறாது.

குறைப்பது எப்போதும் வால் பக்கம், அதாவது பிடிக்குள் செருகியிருக்கும் பக்கம். வைஸில் செப்புத் தகடு வைத்து உளியைப் பிடித்து, பிடியை மரச்சுத்தியால் தட்டிக் கழற்றுங்கள். வாலில் குறித்த இடத்தில் கட்டிங் டிஸ்கால் சுற்றிலும் வெட்டுவாய் போட்டு, துணி சுற்றி, ஒரே தட்டு. கடினமான எஃகு வளையாது, முறியும்; கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. பிறகு கடைசி 20 மி.மீ.யைக் கூம்பாகச் சாணை பிடிக்க வேண்டும். ஹை ஸ்பீடு ஸ்டீல் சூட்டைத் தாங்கும். ஆனால் பழைய கார்பன் எஃகு உளி என்றால் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். முனைப் பக்கம் நீல நிறம் ஏறிவிட்டால் அங்கே பதம் போய்விட்டது என்று அர்த்தம், அந்தப் பகுதியைத் தேய்த்து எறிய வேண்டியதுதான்.

பிடிதான் இந்த செட்டின் பெரிய ஏமாற்றம். மரம் மென்மை, பிடியின் வாயில் மாட்டும் வளையமான பூண் வெறும் தகரம், குமிழின் அடிப்பக்கம் முழு உருண்டை. உருண்டையாக இருந்தால் பிடி தட்டில் இடிக்கும். இடிக்காமலிருக்கக் கையைத் தூக்குவோம். கை தூக்கினால் முனை ஆழமாகக் குத்தி நிற்கும். அடிப்பக்கத்தை, பூணுக்குக் கிட்டத்தட்ட நேராக வரும்வரை, அரத்தால் சீவித் தட்டையாக்கினால் உளி தாழ்ந்து படுக்கும். சீவிய விளிம்பை உப்புத்தாளால் மழுக்காவிட்டால் மாலைக்குள் சுண்டுவிரல் மரத்துப்போகும்.

புதுப்பிடி கடைந்துகொள்வது இன்னும் மேல். பூவரசு நன்றாக நிற்கும். ஏற்காட்டில் பழைய காப்பிச் செடியைப் பிடுங்கும்போது கிடைக்கும் கட்டை கெட்டியானது, இழையும் நெருக்கம், சிறிய கடைசலுக்கு அருமை. நிழலில் மாதக்கணக்கில் உலரவிடாவிட்டால் வெடிக்கும். அங்கேயே மலிவாகக் கிடைக்கிற சில்வர் ஓக் இதற்கு வேண்டாம், வால் துளை சீக்கிரம் தளர்ந்துவிடும். பூண் பித்தளைக் குழாயில் வெட்டியதாக இருக்கட்டும்.

துளையை இரண்டு அளவில் போட வேண்டும்: முழு ஆழத்துக்கு 2 மி.மீ., வாயிலிருந்து பாதி ஆழத்துக்கு 3 மி.மீ. ஒரே அளவில் குடைந்தால் ஒன்று பிடி பிளக்கும், இல்லை வால் ஆடும். உளியை வைஸில் நிறுத்திப் பிடியை அதன்மேல் தட்டி இறக்குங்கள். முனையைத் தரையில் ஊன்றி அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

இந்த இடத்தில் பலரும் கவனிக்காத ஒன்று: உளியின் அடிவிளிம்பும் பிடியின் தட்டையும் ஒரே நேரில் இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வெட்டின் ஒரு சுவர் செங்குத்தாகவும் மறுசுவர் சாய்வாகவும் விழும், கோடு ஒரு பக்கமே இழுக்கும். பெட்டியில் வரும்போதே கத்தியும் ஆங்லெட்டும் திரும்பித்தான் இருந்தன. எபாக்சி போட்டால் அதோடு முடிந்தது. துளையில் அரக்குத்தூள் போட்டு, வால் நுனியை மட்டும் சூடாக்கிச் செருகினால், பிறகு லேசாகச் சூடு காட்டித் திருப்பிக்கொள்ளலாம்.

நீளமும் பிடியும் சரியான பிறகுதான் முனைக்கு வரவேண்டும். முகச்சரிவு, அதாவது முனையின் முன்பக்கச் சரிவு, 45 பாகை. குதி, அதாவது அடியில் சீவும் சிறு சரிவு, சமதளத் தகட்டுக்கு 15 பாகை. அதன் நீளம் அரை மி.மீ.க்குள் இருக்கட்டும், நீண்டால் வளைவு வெட்டும்போது குதி வெளிச்சுவரை உரசிப் பிசிறு கிளப்பும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முழங்கால் உயரத்தில் வேலை செய்பவர்களுக்குக் கை மேலிருந்து இறங்குவதால் 15 போதாது, 20 வைக்கலாம். அதைவிட வேலைத்தகட்டை வைக்கும் மணல் மூட்டையை உயர்த்தி முன்கை கிடையாக வரும்படி செய்வது எளிது. வெள்ளியில் வெட்டு மின்ன வேண்டுமென்றால் முகத்தையும் குதியையும் கண்ணாடிபோல மெருகேற்றியாக வேண்டும். குதியில் இருக்கிற கீறல் அப்படியே வெட்டில் பதியும்.

மரப்பிடி வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு, அலன் திருகு (அறுகோணச் சாவியால் முறுக்குவது) வைத்த உலோகப் பிடி கிடைக்கிறது. நீளத்தை நொடியில் மாற்றலாம். ஆனால் கனம் அதிகம், திருகு தளர்ந்தால் உளி பிடிக்குள்ளேயே சுழலும். நீளம் தெரியும்வரை அதில் சோதித்துவிட்டு மரத்துக்கு மாறுவதற்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறில் தினமும் கைக்கு வருவது சதுரமும் தட்டையும்தான். அந்த இரண்டையும் பிடியில்லாமல் தனித்தண்டாக விற்கும் கடை கிடைத்தால் செட்டை வாங்கவே வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால், பெட்டிக்குள் இருக்கும் பஞ்சுத் திண்டை எடுத்துவிடுங்கள். ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில் முனைதான் முதலில் துருப்பிடிக்கும்.