கடைக்கொரு பதிவா, எல்லாருக்கும் ஒரே பதிவா?

மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பார்க்கில் ஒரு சின்ன நிறுவனம். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடைக்கும் தனி மைக்ரோசாஃப்ட் என்ட்ரா டெனன்ட் (பயனர் கணக்குகளும் உள்நுழைவு அனுமதிகளும் இருக்கும் தனி இடம்; என்ட்ரா ஐடி 2023 வரை அஷூர் ஏடி என்றிருந்ததுதான்). செயலியை எங்கே பதிவு செய்வது?

கடைக்கொரு பதிவு என்றால் தனித்தனி கிளையன்ட் ஐடி (செயலியின் அடையாள எண்), தனித்தனி சீக்ரெட் (செயலியின் கடவுச்சொல் மாதிரி). ஒன்று கசிந்தாலும் மற்றவை தப்பிக்கும். ஆனால் போர்ட்டலில் உருவாக்கும் சீக்ரெட்டுக்கு அதிகபட்சம் 24 மாதம்தான் ஆயுள். கடைகள் கூடக்கூட, புதுப்பித்தே பெண்டு நிமிர்ந்துவிடும்.

மல்டி டெனன்ட் (ஒரே செயலி, பல டெனன்ட்) முறையில் பதிவு நம் டெனன்ட்டில் மட்டும், ஒரே தடவை. கடையின் அட்மின் சம்மதித்ததும் அங்கே ஒரு சர்வீஸ் பிரின்சிபல், அதாவது அந்த டெனன்ட்டில் நம் செயலியின் பிரதிநிதி, உருவாகும். கிளையன்ட் ஐடி எங்கும் ஒன்றே; சர்வீஸ் பிரின்சிபலின் சொந்த எண்ணான ஆப்ஜெக்ட் ஐடி மட்டும் டெனன்ட்டுக்கு டெனன்ட் மாறும். பலர் குழம்புவது இங்கேதான். பிடிக்காவிட்டால் அட்மின் தன் கடையில் மட்டும் செயலியை முடக்கலாம். கட்டுப்பாடு அவர் கையில் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, ஆபத்து? சீக்ரெட் கசிந்தால் எல்லாக் கடைக்கும் சேதம். அதனால் சீக்ரெட்டுக்குப் பதில் டிஜிட்டல் சான்றிதழே நல்லது. அப்புறம், டோக்கனில் (உள்நுழையும்போது என்ட்ரா தரும் அனுமதிச் சீட்டு) வரும் டெனன்ட் ஐடி நம் வாடிக்கையாளர் பட்டியலில் உள்ளதா என்று நிரல் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். இரண்டு மூன்று கடைகளோடு நிற்பவர்களுக்கு மட்டும் முதல் வழியைச் சொல்வேன்.