சின்ன பனிச்சறுக்கு ரிசார்ட்டில் ஸ்னோபோர்டு வாடகை: கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள்

கூட்டமே இல்லாத ரிசார்ட், குடும்பத்தோடு போகத் தோதான இடம் என்று விளம்பரம் சொன்னால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: வாடகைக் கடை ஒன்றே ஒன்றுதான். பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று நாலு பேருக்கும் ஸ்னோபோர்டு (இரு காலையும் ஒரே பலகையில் பூட்டிப் பனியில் சறுக்குவது) வாடகைக்கு எடுக்க, உயரம், எடை, பூட்ஸ் அளவு எல்லாம் முன்பே கொடுத்து முழுப் பணமும் கட்டியாயிற்று. கைக்கு வந்ததோ கடையில் மிஞ்சிக் கிடந்த சாமான். நாலு செட்டில் உருப்படியானது ஒன்று.

பிள்ளைக்குக் கொடுத்த பூட்ஸ் ஒன்றரை சைஸ் பெரிது. "ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாப் போயிடும்" என்பது கடைக்காரரின் பதில். போகாது. குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி அழுத்தித்தான் போர்டைத் திருப்ப முடியும். பூட்ஸுக்குள் குதிகால் எழும்பினால் அந்த அழுத்தம் போர்டுக்குப் போய்ச் சேராது. இரட்டைச் சாக்ஸில் மடிப்பு விழுந்து கொப்புளம் வருவது தனி. ஒரே ஒரு சாக்ஸோடு லேஸை இறுக்கிக் கட்டி நிற்க வையுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கினால் சற்றுப் பின்வாங்க வேண்டும்; எம்பி நின்றால் குதிகால் கிளம்பக் கூடாது. வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்கும் பழக்கம் இங்கே வேண்டாம்.

அடுத்தது பைண்டிங், அதாவது பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பூட்டு. ஒரு போர்டில் நடுத்தட்டுத் திருகு நாலில் இரண்டு தளர்வு, ஒன்று காணவே காணோம். ஸ்கீ (காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை) பைண்டிங் விழும்போது கழன்றுகொள்ளும். ஸ்னோபோர்டு பைண்டிங் கழலாது. இரு கால் பைண்டிங்கில் ஒன்று மட்டும் போர்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தால் மறுகால் போர்டோடு முறுக்கிக்கொள்ளும். பைண்டிங்கின் முதுகுத் தகட்டை (கணுக்காலுக்குப் பின்னே நிமிர்ந்து நிற்பது) பிடித்து ஆட்டிப் பாருங்கள், அடித்தட்டு துளி அசைந்தாலும் திருப்பிக் கொடுங்கள். நீங்களே முறுக்குவதானால் மூன்றாம் நம்பர் போசிடிரைவ் வகை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் திருகின் தலையைத் தின்றுவிடும். ஸ்ட்ராப்பையும் பூட்டி மேல்நோக்கி இழுங்கள். பல் தேய்ந்த ராட்செட் (ஸ்ட்ராப்பை இறுக்கும் கொக்கி) 'டிக் டிக்' என்று நன்றாகத்தான் சத்தம் போடும், பாரம் விழுந்ததும் நழுவும்.

எந்தக் கால் முன்னே என்று யாரையும் கேட்கவில்லை. நாலு போர்டும் இடதுகால் முன்னே வைத்துப் பூட்டியவை. வலதுகால் முன்னே வருபவர் அதில் கற்றுக்கொள்வது இடக்கையால் எழுதப் பழகுவது மாதிரி. தொடக்கக்காரருக்கு முன்கால் 15 டிகிரி முன்பக்கம் பார்த்தும், பின்கால் நேராகவோ 6 முதல் 9 டிகிரி எதிர்ப்பக்கம் பார்த்தும் இருக்கட்டும். மாற்ற ஐந்து நிமிட வேலை, கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள்.

எஃகு விளிம்பில் நகத்தைக் குறுக்கே உரசுங்கள். நகம் துளி சீவினால் கூர் இருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் இறுகிய பனியில் அது நிற்காது.

பணம் போவது திருப்பிக் கொடுக்கும்போது. முன்பே இருந்த கீறலைக் காட்டி டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அடிப்பாகத்தில் மேலோட்டமான கீறல் வழக்கமான தேய்மானம். அடிப்பூச்சைத் தாண்டி உள்ளே மரம் தெரியும் பள்ளமும், விளிம்பு வெடிப்பும்தான் சேதம். வாங்கும்போதே இருபுறமும் விளிம்பைச் சுற்றியும் படம் எடுத்து, வாடகைச் சீட்டில் குறித்து வாங்குங்கள்.

லிஃப்ட் பாஸிலும் (சரிவின் மேலே ஏற்றிவிடும் இயந்திரங்களுக்கான சீட்டு) கண்ணி உண்டு. காற்றுக்காகச் சேர்லிஃப்ட்டை (கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலி) நிறுத்திவிட்டு, டி-பார் (சறுக்குபவரைத் தரையோடு மேலே இழுக்கும் T வடிவக் கம்பி) ஓடுகிறதே என்று பணம் திருப்ப மறுத்தார்கள். பொடியெழுத்தில் 'ஒரு லிஃப்ட் இயங்கினாலும் போதும்' என்று இருந்தது. டி-பார் ஸ்கீகாரர்களுக்குச் சுலபம். போர்டில் ஒரு காலை மட்டும் பூட்டி, கம்பியை முன்தொடைக்குப் பின்னால் கொடுத்து, பக்கவாட்டில் இழுபட்டுப் போக வேண்டும். முதல் நாள் பிள்ளைகள் பாதி வழியிலேயே விழுவார்கள். மேஜிக் கார்ப்பெட் (நின்றபடியே மேலே போகும் நகரும் பட்டை) இருக்கிறதா, சேர்லிஃப்ட் நின்றால் தொடக்கச் சரிவுக்கு எப்படிப் போவது என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், பல நாள் பாஸ் மலிவு என்றாலும் வானிலை பார்த்து அன்றன்றைக்கு எடுங்கள்.