விற்பனைக்கு அல்ல: மக்களைத் தேடி வரும் மாத்திரை

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் என் மாமியாருக்கு சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டுவருகிறவர் மகளிர் குழுவிலிருந்து தேர்வான தன்னார்வலர். திண்ணையிலேயே சோதித்து, நோட்டில் எழுதி, மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். பைசா செலவில்லை.

ஆனால் அத்தை அந்த அட்டைகளைப் பரணில் போட்டுவிட்டு, டவுனில் ஒரு டாக்டருக்கு பீஸ் கொடுத்து அதே மெட்பார்மின் என்ற சர்க்கரை மருந்தை வேறு பெயரில் வாங்கிவந்தார். தர்மாஸ்பத்திரி மாத்திரை அவருக்குக் கேட்காதாம். அட்டையிலேயே 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறதே, விலைபோகாததைத்தானே சும்மா கொடுப்பார்கள்? எங்கள் தெருவின் தீர்ப்பும் இதுதான்.

இத்தனைக்கும் இந்த மருந்துகளை வாங்குவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். கம்பெனி வைத்த பெயருக்குக் காசு கொடுக்காமல், மருந்தின் பெயரில் மொத்தமாக டெண்டர் விடுகிறார்கள். மாதிரி ஆய்வகத்தில் தேறிய பிறகுதான் சரக்கு கிடங்கை விட்டு வெளியே வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் அத்தை எந்த ஆய்வறிக்கையும் கேட்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே தெருவில் பாம்பு கடித்தால் ஒருவரும் டவுன் டாக்டரைத் தேடுவதில்லை. 108 வண்டி, நேரே மதுரை பெரியாஸ்பத்திரி. உயிர் ஊசலாடும்போது அரசாங்கத்தை நம்புகிறவர்களுக்கு, தினமும் போடும் மாத்திரையில்தான் சந்தேகம். சம்பந்தி வீட்டார் எதிரே அந்த அட்டையை எடுப்பது கௌரவக் குறைச்சல் வேறு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தனியார் ஆஸ்பத்திரியிலும் நீட்டலாம் அல்லவா!

குறை இல்லாமல் இல்லை. சில மாதம் அழுத்த மாத்திரை பாதிதான் வரும்; மீதிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடக்க வேண்டும். அங்கே காலைக் கூட்டத்தில் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்க முடியாது. மாத்திரையின் நிறம் திடீரென்று மாறும், யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். "கம்பெனிதான் வேறு, மருந்து அதேதான்" என்று ஒரு வரி சொன்னால் பாதிச் சந்தேகம் தீரும்.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து அத்தைக்குப் பெயரை வாசித்துக் காட்டினேன். சமரசம் ஏற்பட்டிருக்கிறது: சர்க்கரைக்கு அரசு மாத்திரை, அழுத்தத்துக்கு டவுன் டாக்டர். திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு போடுகிறேன்.