மீண்டும் வென்ற தலைவருக்கு ஆதரவு எவ்வளவு? போனில் கேட்பதா, வீடு தேடிப் போவதா?

2004இல் புஷ் 50.7 சதவீத வாக்குடன் மீண்டும் அமெரிக்க அதிபரானார், எதிர்த்து நின்ற கெர்ரிக்கு 48.3. இப்படிப் பிளவுண்ட நாட்டில் 1,000 பேரிடம் கருத்துக்கணிப்பு எடுத்தால், ஏறத்தாழ 3 புள்ளி முன்பின் வரும் பிழையே அந்த இடைவெளியை விழுங்கிவிடும். அதனால் கேட்கும் முறை முக்கியம்.

இதே கேள்வியைப் புதுச்சேரியில் கேட்பதானால், போன் கணிப்பு வேகமானது, செலவு குறைவு. ஆனால் இங்குள்ள செல்போன் எண்கள் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தைச் சேர்ந்தவை; ஏதோ ஓர் எண்ணை அழைத்தால் கடலூரோ விழுப்புரமோ எடுக்கும். புதுச்சேரியின் பகுதிகளான மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். ஆகவே முதல் கேள்வியே "உங்களுக்கு எந்தத் தொகுதியில் ஓட்டு?" என்றிருக்க வேண்டும்.

வீடு தேடிப் போவதே என் தேர்வு. 30 தொகுதிகளில் வாக்குச்சாவடிகளைக் குலுக்கி எடுத்து, வாக்காளர் பட்டியலில் சம இடைவெளியில் பெயர்களைப் பொறுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது. மாலையிலோ ஞாயிறன்றோ திரும்பப் போக வேண்டும். இல்லாவிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் விடுபடுவார்கள். அக்கம்பக்கத்தார் காதில் விழுந்தால் உண்மை வராது. தாளில் அவரே குறித்துப் பெட்டியில் போடட்டும்.

இரண்டிலுமே ஒரு சிக்கல்: கடந்த தேர்தலில் வேறொருவருக்கு ஓட்டுப் போட்டிருந்தும், வென்றவருக்கே போட்டதாகச் சிலர் சொல்வார்கள். அதை நம்பி, உண்மையான தேர்தல் முடிவோடு பொருந்தும்படி பதில்களின் எடையைக் கூட்டிக் குறைத்தால், அவரது ஆதரவு குறைவாகத் தெரியும்.